ஜாம்பியா: ஒரு கோப்பைக்கு 38 ஆண்டுகள்

எல்லோருக்கும் வணக்கம்.

ஆப்பிரிக்க நாடுகள் கோப்பையைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் கோப்பையை எகிப்து ஏழு முறை வென்றிருக்கிறது, கேமரூன் ஐந்து முறை வென்றிருக்கிறது. அவர்களைப் பற்றிப் பேசினால் வெற்றிப் பட்டியலைப் படித்தே ஒரு மணி நேரத்தை ஓட்டிவிடலாம். நான் பேசப்போவது ஒரே ஒரு முறை அதை வென்ற நாட்டைப் பற்றி. கடற்கரையே இல்லாத நாடு, செம்புச் சுரங்கத்தை நம்பிப் பிழைத்த நாடு, இன்று வரை ஆண்கள் உலகக் கோப்பையில் ஒரு ஆட்டம்கூட ஆடாத நாடு. ஜாம்பியா.

உங்களில் பலருக்கு இந்தக் கதை ஓரளவு தெரிந்திருக்கும். 1993இல் காபோன் நாட்டின் தலைநகரான லிப்ரவில் அருகே கடலில் விமானம் விழுந்து அணியே மாண்டுபோனது. 19 ஆண்டுகள் கழித்து அதே ஊரில் ஜாம்பியா கோப்பையை வென்றது. இறந்தவர்களின் ஆவி வந்து ஜெயிக்கவைத்தது என்று எழுதுகிறார்கள், காணொளி போடுகிறார்கள், பார்க்கிறவர்கள் கண் கலங்குகிறார்கள். எனக்கும் கண் கலங்கும், அதை மறைக்கவில்லை. ஆனால் இந்தக் கதையை அப்படி மட்டும் சொன்னால் இரண்டு பேருக்கு அநியாயம் செய்கிறோம் என்று நினைக்கிறேன். ஒன்று, 1974 முதல் வியர்வை சிந்தி அந்தக் கோப்பையை நோக்கி நடந்தவர்களுக்கு. இன்னொன்று, அந்த விமானத்தில் ஏற்றி அனுப்பப்பட்டவர்களுக்கு. அவர்கள் சாவுக்குக் காரணங்கள் உண்டு. கோப்பையின் பளபளப்பில் அந்தக் காரணங்கள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடக் கூடாது.

சரி, முதலிலிருந்து வருவோம்.

1964 அக்டோபர் 24ஆம் தேதி விடுதலை அடைந்த நாடு ஜாம்பியா. அதற்கு முன் அதன் பெயர் வட ரொடீசியா. முதல் குடியரசுத் தலைவர் கென்னத் கவுண்டாவுக்குக் கால்பந்து என்றால் உயிர். அவருடைய பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து தேசிய அணியை 'கேகே லெவன்' என்றே மக்கள் கூப்பிட்டார்கள். பிற்காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர் 'சிப்போலோபோலோ', அதாவது செம்புத் தோட்டாக்கள்.

அந்தச் செம்புதான் இந்த அணியின் அடித்தளம். வடக்கே காங்கோ ஜனநாயகக் குடியரசின் எல்லையை ஒட்டி முஃபுலிரா, கிட்வே, சிங்கோலா, லுவான்ஷ்யா என்று வரிசையாகச் சுரங்க ஊர்கள். சுரங்கக் கம்பெனிதான் வீடு கட்டிக்கொடுக்கும், மருத்துவமனை நடத்தும், மைதானம் போட்டுக்கொடுக்கும், கால்பந்துக் கிளப்புக்குப் பணமும் கொடுக்கும். திறமையான பையன் ஒருவன் கண்ணில் பட்டால் சுரங்கத்தில் ஒரு வேலை போட்டுக்கொடுத்து, மாலையில் ஆட வைப்பார்கள். முஃபுலிரா வாண்டரர்ஸ், கிட்வேயின் நிகானா, பவர் டைனமோஸ் ஆகிய கிளப்புகள் அந்தப் பகுதியில் வளர்ந்தவை. செம்பு விலை நன்றாக இருந்த காலத்தில் ஜாம்பியாவின் கால்பந்தும் நன்றாக இருந்தது. விலை விழுந்தபோது இதுவும் சேர்ந்து விழுந்தது. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் நடந்த பலவும் புரியும்.

1974இல் எகிப்தில் நடந்த ஆப்பிரிக்கக் கோப்பைதான் ஜாம்பியா கலந்துகொண்ட முதல் கோப்பை. முதல் முறை வந்த அணி, நேரே இறுதி ஆட்டம் வரை போய்விட்டது. அரையிறுதியில் காங்கோ குடியரசைக் கூடுதல் நேரத்தில் 4-2 என்று வீழ்த்தினார்கள். இறுதியில் எதிரே நின்றது ஜைர். இன்று அதைக் காங்கோ ஜனநாயகக் குடியரசு என்கிறோம். அந்த ஜைர் சாதாரண அணி கிடையாது. அதே 1974 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றிருந்தது, அதுவும் தகுதிச் சுற்றில் ஜாம்பியாவைத் தாண்டித்தான் போயிருந்தது. சஹாராவுக்குத் தெற்கே இருந்து உலகக் கோப்பைக்குப் போன முதல் நாடு அதுதான்.

கெய்ரோவில் மார்ச் 12ஆம் தேதி இறுதி ஆட்டம். முதல் பாதியில் கோல் போட்டு முன்னால் நின்றது ஜாம்பியா. இரண்டாவது பாதியில் ஜைர் வீரர் எண்டாயே முலாம்பா சமன் செய்தார். கூடுதல் நேரம் முடியப் போகிறது, 117ஆவது நிமிடம், மறுபடியும் முலாம்பா. முடிந்தது என்று எல்லோரும் நினைத்த நேரத்தில், கடைசி நிமிடத்தில் பிரையன் சின்யாங்வே கோல் போட்டு 2-2 ஆக்கினார். இன்றைக்கென்றால் அடுத்து பெனால்டி ஷூட் அவுட். அன்று மறு ஆட்டம் வைத்தார்கள். இரண்டு நாள் கழித்து அதே இரண்டு அணிகள், அதே முலாம்பா, இரண்டு கோல். ஜைர் 2-0 என்று வென்றது. அந்த ஒரு போட்டித்தொடரில் முலாம்பா போட்ட ஒன்பது கோல் இன்னும் முறியடிக்கப்படாத சாதனை. ஜாம்பியாவின் முதல் வெள்ளிப் பதக்கத்துக்குப் பின்னால் அந்த ஒரு மனிதரின் கால் இருக்கிறது.

தோற்ற அந்த ஜாம்பியா அணியில் காட்ஃப்ரே சித்தாலு என்ற ஃபார்வர்ட் இருந்தார். பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இன்னும் கொஞ்ச நேரத்தில் திரும்ப வருவார். 2012இல் மெஸ்ஸி ஒரே ஆண்டில் 91 கோல் போட்டு உலக சாதனை என்று கொண்டாடினார்களே, அப்போது ஜாம்பியாக் கால்பந்துச் சங்கம் எழுந்து, எங்கள் சித்தாலு 1972இல் 107 கோல் போட்டிருக்கிறார் என்று சொன்னது. உள்நாட்டுப் போட்டிகளின் கணக்கை எங்களால் சரிபார்க்க முடியாது என்று ஃபிஃபா சொல்லிவிட்டது. எண்ணிக்கை எப்படியோ போகட்டும். ஐரோப்பாவில் நடக்காத ஆட்டத்துக்குக் கணக்கே கிடையாது என்பதுபோல உலகம் நடந்துகொள்கிறதே, அதுதான் என்னை உறுத்துகிறது.

1974க்குப் பிறகு செம்பு விலை சரிந்தது. நாடு கடனில் மூழ்கியது. அணி மட்டும் சளைக்கவில்லை. 1982இல் லிபியாவில் மூன்றாம் இடம். 1990இல் அல்ஜீரியாவில் மறுபடியும் மூன்றாம் இடம். நடுவில் 1988 கோப்பையை நடத்தும் வாய்ப்பே ஜாம்பியாவுக்குக் கிடைத்திருந்தது, பணம் இல்லை என்று கைவிட வேண்டியதாயிற்று. போட்டி மொராக்கோவுக்குப் போனது. சொந்த மண்ணில், சொந்த மக்கள் முன்னால் கோப்பையைத் தூக்கியிருக்க வேண்டிய தலைமுறை ஒன்று அப்படி வாய்ப்பை இழந்தது.

அது என்ன தலைமுறை என்று அதே ஆண்டு சியோல் ஒலிம்பிக்கில் உலகம் பார்த்தது. குவாங்ஜூ நகரில் இத்தாலியை ஜாம்பியா 4-0 என்று அடித்தது. இத்தாலி! கலூஷா புவால்யா மூன்று கோல், ஜான்சன் புவால்யா ஒரு கோல். காலிறுதியில் மேற்கு ஜெர்மனியிடம் தோற்றார்கள் என்பது வேறு விஷயம். அந்த ஆண்டு ஆப்பிரிக்காவின் சிறந்த வீரர் விருது கலூஷாவுக்குத்தான். முஃபுலிராவில் பிறந்தவர், முஃபுலிரா வாண்டரர்ஸில் ஆடியவர், பிறகு பெல்ஜியம் போய், அங்கிருந்து ஹாலந்தின் பிஎஸ்வி ஐந்தோவன் கிளப்புக்குப் போனவர். கோல்கீப்பர் எஃபோர்ட் சபாலா, நடுக்களத்தில் டெர்பி மக்கின்கா, விஸ்டம் சன்சா எல்லோரும் அந்த ஒலிம்பிக் அணிதான். 1993 வாக்கில் இவர்களோடு இளைஞர்களும் சேர்ந்து, 1994 உலகக் கோப்பைக்கு ஜாம்பியா போய்விடும் என்று ஆப்பிரிக்காவே நம்பியது.

இப்போது 1993 ஏப்ரலுக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஏப்ரல் 25ஆம் தேதி மொரீசியஸில் ஆப்பிரிக்கக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆட்டம். ஜாம்பியா 3-0 என்று வென்றது. மூன்றையும் போட்டவர் கெல்வின் முட்டாலே. அடுத்த ஆட்டம் செனகல் தலைநகர் டாக்கரில், உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று. மொரீசியஸ் எங்கே, இந்தியப் பெருங்கடலில். டாக்கர் எங்கே, அட்லாண்டிக் கரையில். கண்டத்தின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குப் போக வேண்டும். கால்பந்துச் சங்கத்திடம் பயணிகள் விமானத்துக்குப் பணம் இல்லை. விமானப் படையின் விமானம்தான். அதன் பெயர் பஃபலோ. கனடாவில் செய்த, சரக்கும் படையினரும் ஏற்றும் இரட்டை எஞ்சின் விமானம். 1970களில் வாங்கியது. ஒரே மூச்சில் அவ்வளவு தூரம் பறக்காது. அதனால் காங்கோ குடியரசின் பிரசாவில், காபோனின் லிப்ரவில், ஐவரி கோஸ்ட்டின் அபிஜான் என்று மூன்று இடத்தில் இறங்கி எரிபொருள் போட்டுக்கொண்டு போவதாகத் திட்டம்.

அந்த விமானம் அதற்கு முன் பல மாதம் பறக்காமல் நின்றிருந்தது. ஏப்ரல் கடைசியில்தான் எடுத்துச் சோதித்தார்கள். எஞ்சினில் குறைகள் இருந்தன என்பது பிறகு விசாரணையில் வந்தது. பிரசாவிலில் இறங்கியபோதே எஞ்சின் தொந்தரவு கவனத்துக்கு வந்திருக்கிறது. ஆனாலும் பயணம் தொடர்ந்தது. ஏப்ரல் 27ஆம் தேதி இரவு லிப்ரவிலில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு கிளம்பினார்கள். மேலே எழும்பிச் சில நிமிடங்களிலேயே இடது எஞ்சின் தீப்பிடித்து நின்றுபோனது. விமானி அணைத்ததோ வலது எஞ்சினை. எச்சரிக்கை விளக்கு சரியாக வேலை செய்யவில்லை, விமானியோ முந்தைய நாள்தான் மொரீசியஸிலிருந்து ஓட்டி வந்து களைத்திருந்தார். கரையிலிருந்து சுமார் 500 மீட்டரில் விமானம் கடலில் விழுந்தது. உள்ளே இருந்த 30 பேரும் இறந்தார்கள். அதில் 18 பேர் ஆட்டக்காரர்கள்.

காபோன் அரசின் விசாரணை அறிக்கை எப்போது வெளியே வந்தது தெரியுமா? 2003இல். பத்து வருடம். குடும்பங்கள் இழப்பீட்டுக்காகப் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. இதை விதி என்று என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. பழுதுள்ள விமானம், ஓய்வில்லாத விமானி, பணமில்லாத சங்கம், 'எப்படியாவது கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம்' என்ற நினைப்பு. இவை எல்லாமே மனிதர்கள் எடுத்த முடிவுகள்.

சபாலா போனார். மக்கின்கா போனார். விஸ்டம் சன்சா போனார். இரண்டு நாளுக்கு முன் மூன்று கோல் போட்ட முட்டாலே போனார். பயிற்சியாளரும் போனார். அந்தப் பயிற்சியாளர் யார்? காட்ஃப்ரே சித்தாலு. 1974இல் கெய்ரோவில் கோப்பையைத் தவறவிட்ட அதே சித்தாலு. அவருக்குத் துணைப் பயிற்சியாளராக இருந்த அலெக்ஸ் சோலாவும் பெரிய ஆட்டக்காரர்தான், அவரும் போனார். சங்கத்தின் தலைவரும் அதே விமானத்தில்தான் இருந்தார். ஒரு நாட்டின் இரண்டு தலைமுறைக் கால்பந்து அந்த ஒரே இரவில் போய்விட்டது.

பிழைத்தவர்கள், அதாவது அந்த விமானத்தில் ஏறாதவர்கள், ஐரோப்பாவில் ஆடியவர்கள். கலூஷா ஹாலந்திலிருந்து நேராக டாக்கர் போகத் தயாராகிக்கொண்டிருந்தார். தொலைபேசியில் செய்தி வந்தது. ஜான்சன் புவால்யா சுவிட்சர்லாந்தில். சார்லி முசோண்டா பெல்ஜியத்தில், காயம்பட்டிருந்தார். இத்தாலிக்கு எதிராகப் போட்ட அந்த நான்கு கோலையும் போட்ட இரண்டு பேரும் உயிரோடு இருந்தார்கள். அந்தக் கோல்களுக்குப் பந்து எடுத்துக் கொடுத்தவர்களும், பின்னால் நின்று காத்தவர்களும் இல்லை. தலைநகர் லுசாகாவில் சுதந்திர மைதானத்துக்குப் பக்கத்திலேயே அவர்களைப் புதைத்தார்கள். அந்த இடத்துக்கு வீரர்கள் திடல் என்று பெயர்.

இதற்குப் பிறகு நடந்ததுதான், என் கணக்கில், ஜாம்பியாக் கால்பந்தின் ஆகப் பெரிய சாதனை. 2012ஐவிடப் பெரியது என்றே சொல்வேன்.

ஒரு சில வாரத்தில் புது அணியைத் திரட்டினார்கள். உள்ளூர் கிளப்புகளிலிருந்து பையன்களைத் தேடிப் பிடித்தார்கள். டென்மார்க் உதவிக்கு வந்தது. அங்கே அழைத்துப்போய், ரோல்ட் போல்சன் என்ற பயிற்சியாளரிடம் பயிற்சி கொடுத்தார்கள். கேப்டன் கலூஷா. பாதிப் பேரை அவருக்கு முன்பின் தெரியாது. ஜூலை 4ஆம் தேதி, அணியைப் புதைத்து இரண்டு மாதம் ஆகியிருக்கிறது, அந்தக் கல்லறைகளுக்குப் பக்கத்து மைதானத்தில் மொராக்கோவோடு உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம். மொராக்கோ முதலில் கோல் போட்டது. அப்புறம் கலூஷா ஒரு ஃப்ரீ கிக்கில் சமன் செய்தார். ஜான்சன் புவால்யா இரண்டாவதைப் போட்டார். 2-1. இத்தாலிக்கு எதிராகப் போட்ட அதே இரண்டு பேர்.

செனகலை லுசாகாவில் 4-0 என்று அடித்தார்கள். கடைசி ஆட்டம் அக்டோபரில் காசாபிளாங்காவில். டிரா செய்தால் போதும், அமெரிக்காவில் உலகக் கோப்பை. 0-1 என்று தோற்றார்கள். ஒரே ஒரு கோல். ஆண்கள் அணி அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு பக்கத்தில் போனதே இல்லை.

ஆப்பிரிக்கக் கோப்பைத் தகுதிச் சுற்றில் மட்டும் தப்பித்தார்கள். ஹராரேயில் ஜிம்பாப்வேயோடு 1-1 டிரா, கலூஷா தலையால் முட்டிய கோல். அதனால் 1994 மார்ச்சில் துனிசியாவுக்குக் கிளம்பினார்கள். இப்போது பயிற்சியாளர் இயான் போர்ட்டர்ஃபீல்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரர். 1973இல் இங்கிலாந்தின் எஃப்ஏ கோப்பை இறுதியில் இரண்டாம் பிரிவு அணியான சண்டர்லாந்து, லீட்ஸை வீழ்த்தியதே, அந்த ஒரே கோலைப் போட்டவர் அவர்தான். எளிய அணி பெரிய அணியைச் சாய்ப்பது எப்படி என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

துனிசியாவில் காலிறுதியில் செனகலை 1-0. அரையிறுதியில் மாலியை 4-0. இறுதி ஆட்டம் ஏப்ரல் 10, 1994. விபத்து நடந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. எதிரே நைஜீரியா. யெகினி, ஒகோச்சா, ஃபினிடி ஜார்ஜ், அமுனிக்கே, கேஷி. ஆப்பிரிக்கா அதுவரை கண்ட அணிகளிலேயே மிகச் சிறந்தவற்றுள் ஒன்று. மூன்றாவது நிமிடத்திலேயே எலைஜா லிட்டானா தலையால் முட்டி கோல் போட்டுவிட்டார். கோப்பை கைக்கு வந்துவிட்டதுபோல இருந்தது. இரண்டே நிமிடத்தில் அமுனிக்கே சமன் செய்தார். இடைவேளை முடிந்த கையோடு மறுபடியும் அமுனிக்கே. 2-1 நைஜீரியா.

அந்தத் தோல்வியை நான் மதிக்கிறேன். ஒரு வருடத்துக்குள் சவப்பெட்டிகளைத் தூக்கிய கைகள் அந்தக் கோப்பைக்கு எவ்வளவு நெருங்கிப் போயின என்று பாருங்கள். அந்த 1994 அணியில் ஆவியும் இல்லை, அற்புதமும் இல்லை. அதில் இருந்தவர்கள் முஃபுலிராவிலும் கிட்வேயிலும் லுசாகாவிலும் ஆடிக்கொண்டிருந்த பையன்கள். இறந்தவர்களின் இடத்தில் உடனே நிற்கும் அளவுக்குத் தேர்ந்த பையன்கள் இருந்தார்கள் என்றால், அந்த ஆட்டத்தை அந்த நாடு எவ்வளவு ஆழமாகக் கட்டியிருந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

1996இல் தென்னாப்பிரிக்காவில் மூன்றாம் இடம். கலூஷா ஐந்து கோலுடன் முதலிடம். அதோடு அந்த அலை ஓய்ந்தது. 1998 முதல் 2008 வரை, ஒருமுறை தகுதியே பெறவில்லை, மற்ற எல்லா முறையும் முதல் சுற்றோடு வீடு திரும்பினார்கள். காரணம் தேட வேண்டியதில்லை. 1990களின் கடைசியில் சுரங்கங்களைத் தனியாருக்கு விற்றார்கள். புது முதலாளிகளுக்குக் கால்பந்துக் கிளப்பை நடத்த வேண்டிய அவசியம் இல்லை. மைதானங்களில் களை மண்டியது. ஒரு தலைமுறையை உருவாக்கிய ஏற்பாடு கண்முன்னே கலைந்தது. 2004இல் ஒரு காட்சி: லைபீரியாவோடு உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம், கோல் விழவில்லை. பயிற்சியாளராக வெளியே உட்கார்ந்திருந்த கலூஷா, 41 வயதில், தன்னையே மாற்று வீரராக இறக்கிக்கொண்டு, ஃப்ரீ கிக்கில் கோல் போட்டு வெல்ல வைத்தார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 41 வயது பயிற்சியாளர் இறங்கித்தான் காப்பாற்ற வேண்டும் என்றால் அந்த அணியின் நிலைமை என்ன?

2008இல் கலூஷா சங்கத்தின் தலைவர் ஆனார். அந்த ஆண்டே ஹெர்வே ரெனார் என்ற பிரெஞ்சுக்காரரைப் பயிற்சியாளராகக் கொண்டுவந்தார். பெரிய பெயர் எதுவும் இல்லாத மனிதர். 2010 அங்கோலாவில் ஜாம்பியா பல ஆண்டுக்குப் பிறகு காலிறுதி வந்தது, நைஜீரியாவிடம் பெனால்டியில் தோற்றது. ரெனார் போய்விட்டு, 2011 கடைசியில் திரும்ப வந்தார்.

2012 கோப்பையை காபோனும் ஈக்வடோரியல் கினியாவும் சேர்ந்து நடத்தின. ஜாம்பியாவின் ஆட்டங்கள் எல்லாம் ஈக்வடோரியல் கினியாவில். லிப்ரவிலில் ஆட வேண்டும் என்றால் ஒரே வழிதான், இறுதிக்கு வர வேண்டும். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: அந்த முறை எகிப்து, நைஜீரியா, கேமரூன், தென்னாப்பிரிக்கா, அல்ஜீரியா எதுவுமே தகுதி பெறவில்லை. வழி கொஞ்சம் திறந்திருந்தது. ஆனால் முதல் ஆட்டத்தில் கோப்பையை வெல்லும் என்று எல்லோரும் சொன்ன செனகலை 2-1 என்று அடித்ததும், அரையிறுதியில் கானாவை 1-0 என்று அடித்ததும் யாரும் கொடுத்த பரிசு இல்லை. கானா ஆட்டத்தில் எட்டாவது நிமிடத்திலேயே அசமோவா ஜியானின் பெனால்டியை கோல்கீப்பர் கென்னடி முவீனே தடுத்தார். 78ஆவது நிமிடத்தில் ஜாம்பியாவின் மயூக்கா கோல் போட்டார்.

லிப்ரவில் வந்து இறங்கியதும் அணி கடற்கரைக்குப் போனது. கலூஷாவும் கூட. கடலில் பூப்போட்டார்கள். பாடினார்கள். அந்த அணியில் கேப்டன் கிறிஸ்டோபர் கட்டோங்கோவுக்கு விபத்தின்போது பத்து வயது. மயூக்காவுக்கு இரண்டு வயது. அவர்களுக்கு இறந்தவர்கள் பெரியவர்கள் சொல்லிக் கேட்ட பெயர்கள். கலூஷாவுக்கு அவர்கள் ஒரே அறையில் தூங்கிய தோழர்கள். அங்கே ஒரே கரையில் நின்றவர்களுக்குள் அந்த வித்தியாசம் இருந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் பேச்சு தடைபடுகிறது.

பிப்ரவரி 12, இறுதி ஆட்டம். ஐவரி கோஸ்ட். ட்ரோக்பா, டூரே சகோதரர்கள், ஜெர்வினியோ. போட்டி முழுக்க ஒரு கோல்கூட வாங்காத அணி. ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் ஜாம்பியாவின் டிஃபெண்டர் ஜோசப் முசோண்டா காயம்பட்டு அழுதுகொண்டே வெளியே போனார். 70ஆவது நிமிடத்தில் ஐவரி கோஸ்ட்டுக்குப் பெனால்டி. ட்ரோக்பா உதைத்தார், பந்து கம்பத்துக்கு மேலே போனது. 120 நிமிடமும் கோல் இல்லை.

ஷூட் அவுட். மைதானத்தின் நடுவே ஜாம்பியா வீரர்கள் தோளோடு தோள் சேர்ந்து பாடிக்கொண்டே இருந்தார்கள். ஐவரி கோஸ்ட்டின் பம்பா அடித்ததை முவீனே தடுத்தார், கோட்டை விட்டு முன்னால் வந்துவிட்டார் என்று நடுவர் மறுபடி அடிக்கச் சொன்னார், இந்த முறை உள்ளே போனது. ஐந்தாவது உதையை கோல்கீப்பர் முவீனேயே வந்து எடுத்தார், கோல், 5-5. அப்படியே 7-7 வரை யாரும் தவறவிடவில்லை. அப்புறம் கோலோ டூரேயின் உதையை முவீனே தடுத்தார். ஜாம்பியாவின் கலாபா போட்டால் கோப்பை. மேலே அடித்துவிட்டார். அடுத்து ஜெர்வினியோ, அவரும் வெளியே அடித்தார். ஸ்டோப்பிலா சுன்சு வந்தார். பாடிக்கொண்டே நடந்து வந்தார். விபத்து நடந்தபோது மூன்று வயதுப் பிள்ளை. உள்ளே போட்டார். 8-7.

ஐவரி கோஸ்ட் அந்தப் போட்டி முழுவதும் ஆட்டத்துக்குள் ஒரு கோல்கூட வாங்காமலே கோப்பையை இழந்தது. அவர்களுக்காகவும் வருத்தப்பட வேண்டும். மூன்று ஆண்டு கழித்து அதே ரெனார் அவர்களுக்குப் பயிற்சியாளராகப் போய்க் கோப்பையை வாங்கிக்கொடுத்தார், இரண்டு நாடுகளோடு இந்தக் கோப்பையை வென்ற முதல் பயிற்சியாளர் ஆனார். அன்று லிப்ரவிலில் ரெனார் செய்த ஒரு காரியம் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடிக்கும். கொண்டாட்டத்துக்கு ஓடிப்போக முடியாமல் கால் வலியோடு இருந்த ஜோசப் முசோண்டாவைக் குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டுபோய் மற்றவர்களோடு சேர்த்தார்.

கேட்பீர்கள், 'அப்படியென்றால் அந்த ஊர், அந்தக் கடல், எல்லாம் தற்செயலா?' என்று. எனக்கு அதில் வாதம் இல்லை. ஜாம்பியாக்காரர்கள் தங்கள் முன்னோர் கூட நின்றார்கள் என்று நம்பினால் அதை மறுக்க நான் யார்? நான் சொல்வது, கோப்பையை வென்றதால் 1993 நியாயமாகிவிடாது. சித்தாலுவும் சபாலாவும் உயிரோடு இருந்திருந்தால், 1994இலேயே அந்தக் கோப்பை லுசாகாவுக்கு வந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

2012க்குப் பிறகு? 2013இல் மூன்று ஆட்டமும் டிரா, முதல் சுற்றோடு வெளியே. 2015இலும் முதல் சுற்றோடு வெளியே. அடுத்த மூன்று முறை தகுதியே பெறவில்லை. 2024 தொடக்கத்தில் ஐவரி கோஸ்ட்டில் நடந்த கோப்பைக்குத்தான் திரும்ப வந்தார்கள், அங்கும் முதல் சுற்றைத் தாண்டவில்லை. வென்ற பிறகு அடித்தளத்துக்குப் பணம் போடவில்லை என்பதுதான் இதற்குக் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் பெண்கள் அணியைப் பாருங்கள். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் பார்பரா பாண்டா அடுத்தடுத்த இரண்டு ஆட்டங்களில் மும்மூன்று கோல் போட்டார், நெதர்லாந்துக்கு எதிராகவும் சீனாவுக்கு எதிராகவும். 2022 பெண்கள் ஆப்பிரிக்கக் கோப்பையில் நைஜீரியாவை 1-0 என்று வென்று மூன்றாம் இடம். 2023இல் ஆண்கள் அணி இன்று வரை போகாத உலகக் கோப்பைக்குப் பெண்கள் போனார்கள். ஜப்பானிடமும் ஸ்பெயினிடமும் ஐந்தைந்து கோல் வாங்கினாலும், கோஸ்டா ரிக்காவை 3-1 என்று வென்றுவிட்டுத்தான் திரும்பினார்கள். காசாபிளாங்காவில் ஒரு கோலில் நழுவிய உலகக் கோப்பைக் கதவை, 30 ஆண்டு கழித்து இந்தப் பெண்கள் திறந்தார்கள். அடுத்த முறை பெண்கள் ஆப்பிரிக்கக் கோப்பை நடக்கும்போது ஜாம்பியா ஆடும் ஆட்டங்களைத் தயவுசெய்து பாருங்கள். பாண்டா பந்தை எடுத்துக்கொண்டு ஓடுவதைப் பார்த்தால் நான் சொல்வது புரியும்.

நேரம் ஆகிவிட்டது. கேள்விகள் இருந்தால் கேளுங்கள், உட்கார்ந்தே பேசலாம்.